ஏறிய கியரிலேயே இறங்குங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும். சுங்கை பெசார், சபாக் பெர்ணம், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். “இந்தத் தடவை கேமரன் மலைக்குப் போய் வரலாமா?” என்பதே அது. குளிர் காற்று, தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி பழம் என்று பிள்ளைகள் கனவு காண்பார்கள். முன்பெல்லாம் கோயில் கமிட்டியோ தொழிற்சங்கக் கிளையோ பஸ் பிடித்தால்தான் உண்டு. இன்று அப்படியில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் கூடிப் பேசி, மாதா மாதம் கொஞ்சம் சேர்த்து, ஒரு வேனையோ ஏழு பேர் உட்காரும் காரையோ வாடகைக்கு எடுத்துப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

நல்லதுதான். உழைத்துக் களைத்த குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை நாலு இடம் பார்ப்பது வீண் செலவு அல்ல. ஆனால் வாசகர்களே, வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? வாடகை எவ்வளவு, ஏர்கண்டிஷன் உண்டா, பாட்டுப் பெட்டி உண்டா என்றுதான் கேட்கிறோம். வண்டியின் பிரேக்கைப் பற்றியும், அதை ஓட்டப் போகிறவரின் மலை அனுபவத்தைப் பற்றியும் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவைதாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் வட்டாரம் தட்டைத் தரை

நாம் வாழ்வது கடலோரச் சமவெளி. ஒரு பக்கம் நெல் வயல்கள், மறுபக்கம் தென்னையும் செம்பனையும். கோல சிலாங்கூரில் 1907-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் நிற்கும் மெலாவத்திக் குன்றுதான் நம் பிள்ளைகள் பார்த்த மலை! இங்கே இருபது ஆண்டு வண்டி ஓட்டியவர்கூட ஒரு மணி நேரம் விடாமல் இறங்கும் சாலையைக் கண்டிருக்க மாட்டார். சமதரையில் கெட்டிக்கார ஓட்டுநர் என்று பெயரெடுத்தவரும் மலைச் சாலைக்குப் புதியவரே. இது அவருக்கு இழுக்கன்று; பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

சுங்கை பெசாரிலிருந்து சபாக் பெர்ணம் வழியே போய், பெர்ணம் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பேராக் மாநிலம். பிறகு தெலுக் இந்தான், பீடோர், தாப்பா. அதுவரை சாலை நமக்குப் பழகியதுதான். தாப்பாவில் தொடங்குகிறது மலைச் சாலை. அங்கிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். வழியெல்லாம் வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். தமிழ்நாட்டில் கொல்லி மலைச் சாலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று எண்ணிட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். தாப்பாச் சாலையின் வளைவுகளோ எண்ணத் தொடங்கினால் தலை சுற்றும்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாச் சாலை மலைமேல் போய்ச் சேர்ந்தது 1930-களின் தொடக்கத்தில். அங்கே காடு திருத்திக் கொழுந்து பறித்தவர்களில் பெரும் பகுதியினர் நம்மைப் போன்ற தோட்டத் தமிழர்களே. இன்றும் மலைமேல் தமிழ்ப்பள்ளிகள் உண்டு, கோயில்கள் உண்டு. ஆகவே அந்த மலை நமக்கு வெறும் சுற்றுலாத் தலம் மட்டுமன்று. உறவுக்காரர் ஊரும் ஆகும்.

சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக ஏறும் இன்னொரு சாலை பிற்காலத்தில் வந்தது. அது அகலமானது, வளைவுகள் குறைவு. ஆனால் அகலச் சாலையில் வேகம் தானாக வந்துவிடும். 2010 டிசம்பர் 20-ஆம் நாள், அந்தச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி இருபதுக்கும் மேற்பட்ட தாய்லாந்துப் பயணிகள் மாண்டனர். 2013 ஆகஸ்டு 21-ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தனர். இரண்டும் இறக்கத்தில் நடந்தவை என்பதைக் கவனியுங்கள்.

வண்டி யாருடையது?

நம் பக்கத்தில் வாடகை வண்டி பெரும்பாலும் எப்படிக் கிடைக்கிறது? “என் மச்சானுக்குத் தெரிந்தவரிடம் வேன் இருக்கிறது, பாதி விலைக்குத் தருவார்” என்பதே வழக்கம். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியைக் கூலிக்கு விடுவதைத்தான் ‘சாப்பு’ என்கிறோம். இதில் இருக்கும் ஆபத்து, ஜே.பி.ஜே. பிடித்தால் அபராதம் என்பதோடு முடிவதில்லை. தனியார் காருக்கு எடுத்த காப்புறுதி, அந்தக் காரை வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தும்போது செல்லாது. பத்திரத்திலேயே அப்படி எழுதியிருக்கும். விபத்து நேர்ந்தால் வண்டிக்காரர் ஒரு பக்கம், காப்புறுதி நிறுவனம் ஒரு பக்கம் கைவிரித்துவிடுவர். மருத்துவச் செலவும் வழக்குச் செலவும் குடும்பத்தின் தலையில் விழும். மிச்சம் பிடித்த நூறு வெள்ளி அப்போது எந்த மூலைக்குக் காணும்?

பெரிய நிறுவனம் என்றாலும் கேட்கத்தான் வேண்டும். 2025 ஜூன் 9-ஆம் நாள் அதிகாலை, ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்கு சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிவந்த பேருந்து, கிரிக் அருகே மலைப்பாங்கான கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. 15 மாணவர்கள் மாண்டனர். அந்தப் பேருந்தின் உரிமம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்க, அதை வேறொரு தரப்புக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள் என்பது பின்னர் வெளிவந்தது. நாளை நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாக வரவேண்டிய இளையோர் அவர்கள். எண்ணும்போதே நெஞ்சு பதைக்கிறது.

எனவே பணம் கொடுக்குமுன் கேளுங்கள். வாடகைக்கு விடும் உரிமம் இருக்கிறதா? உரிமத்தில் இருக்கும் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றா? சாலை வரி எந்தத் தேதி வரை? இப்போது சாலை வரியைக் கைப்பேசியில் மைஜேபிஜே செயலியிலேயே பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொன்னால் ஒரு நொடியில் காட்டிவிடும். ஓட்டுநரோடு சேர்த்து வேன் எடுத்தால், பொதுச் சேவை வாகனம் ஓட்டுவதற்கான லைசென்ஸ் அவரிடம் உண்டா என்று கேளுங்கள். நீங்களே ஓட்டுவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்தான் ஓட்ட வேண்டும். “கொஞ்ச தூரம் நான் பிடிக்கிறேன் மாமா” என்று வேறொருவர் உட்கார்ந்தால் காப்புறுதிக்குச் சிக்கல் வரும்.

சாவியை வாங்குமுன்

வண்டியை முதல் நாள் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். டயரின் பள்ளக்கோடுகள் தேய்ந்து வழவழவென்றிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரேக்கை மிதித்து அப்படியே அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அந்த வண்டி மலைக்கு ஆகாது. கைப்பிரேக் பிடிக்கிறதா, மழைத் துடைப்பான் துடைக்கிறதா, முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா, மாற்று டயரும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரேக் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். அந்த எண்ணெய் நாளாக ஆகக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களையும் பெட்ரோல் அளவையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெப்பாசிட் எவ்வளவு, விபத்து நேர்ந்தால் காப்புறுதி போக நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும்.

பிரேக் ஏன் சோர்ந்துபோகிறது?

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறையிலேயே சொல்கிறேன். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்தித் தேயுங்கள், சூடேறும். பிரேக்கும் அதைத்தான் செய்கிறது. ஓடும் சக்கரத்தை உராய்ந்து, வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. சமதரையில் ஒரு சிவப்பு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையே அந்தச் சூடு ஆறிவிடும். மலை இறக்கத்தில் ஆறுவதற்கு நேரம் ஏது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் மூட்டை முடிச்சுகளுமாக இரண்டு டன் எடையுள்ள வேன் 1,400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் முழுவதையும் சூடாக்கினால், ஏறத்தாழ 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். மண்ணெண்ணெய் டின்னால் அளந்தால் ஐந்து டின். அத்தனைச் சூட்டையும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் கையளவு பிரேக் கட்டைகளே தாங்க வேண்டும் என்றால் முடியுமா? கட்டை சூடேறிப் பிடிமானம் குறையும். எண்ணெய் கொதித்து ஆவியானால், காலை வைத்ததும் பிரேக் பஞ்சு போல உள்ளே போய்விடும். வண்டியோ நிற்காது.

இதற்கு மருந்து பழைய லாரி ஓட்டுநர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு என்பார்கள். குறைந்த கியரில் போட்டால் இயந்திரமே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். இன்றைய கார்கள் சுலபமாக ஏறிவிடுவதால், இறக்கத்தில் சில இடங்களில் அதைவிடவும் குறைந்த கியர் வேண்டியிருக்கும். ஆட்டோ கியர் வண்டியானால் ‘டி’யிலேயே விட்டுவிடாதீர்கள். அதற்குக் கீழே 3, 2, எல் என்றோ, எஸ், பி என்றோ இருக்கும். அவை அழகுக்கு அல்ல, இதற்காகத்தான். எது எதற்கு என்று வண்டிக்காரரிடம் கேட்டுச் சமதரையிலேயே ஒருமுறை பழகிப் பாருங்கள். பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் வண்டியை உருளவிடுவது தற்கொலைக்குச் சமம். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்குவதும் தவறு. வேகம் கூடும்போது நன்றாக மிதித்துக் குறைத்து, பிறகு காலை எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில் பிரேக் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

சொல்லத் தயங்கிய வேன்

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர் சொன்ன செய்தி இது. பிரிஞ்சாங்கில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். வாடகை வேனில் பதினோரு பேர் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவர் நல்ல பிள்ளை. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் பழகியவர். ரிங்லெட்டைத் தாண்டியதும் தீய்ந்த வாடை வந்தது. பின்னால் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஓட்டுகிறவருக்குத் தெரியாததா, நாம் என்ன சொல்வது?” என்று யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வளைவில் வாடை இன்னும் கூடியது.

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முன்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார். விழித்தவர் மூக்கைச் சுளித்து, “தம்பி, அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டுப்பா” என்றார். “இன்னும் கொஞ்ச தூரம்தான் தாத்தா” என்றார் இளைஞர். “கொஞ்ச தூரம் இருக்கிறதனாலதான் சொல்றேன். நிறுத்து.” வண்டி நின்றது. முன்சக்கரங்களிலிருந்து புகை. இளைஞர் பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். பெரியவர் தடுத்துவிட்டார். கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிப்போகும், விரிசல்கூட விடும். அரை மணி நேரம் எல்லோரும் சாலையோரம் நின்றார்கள். பிறகு இரண்டாம் கியரில் தாப்பா வரைக்கும் ஊர்ந்து வந்தார்கள். பதினோரு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பெரியவர் அன்று வராதிருந்தால்? இந்தக் கேள்விக்குத்தான் நாம் விடை தேட வேண்டும். நம் மக்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு; ஸ்டியரிங்கைப் பிடித்தவரைக் குறை சொல்லித் தொந்தரவு செய்ய மாட்டோம். ஆனால் மலையில் அந்த மரியாதையே வினையாகிவிடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மரியாதை ஆகாது.

சுவிட்சர்லாந்தில் என்ன வழக்கம்?

மலை நாடு என்றதும் நினைவுக்கு வருவது சுவிட்சர்லாந்து. தமிழ்ப் படப் பாடல்களில் பனி மலைகளாகப் பார்த்த நாடு. 1983-க்குப் பின் இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் போய்க் குடியேறிய நாடும் அதுவே. நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும் படித்து வேலைக்குப் போய், அங்கெல்லாம் கார் வாடகைக்கு எடுத்துச் சுற்றிப் பார்க்கிறார்கள். அங்கே வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். புறப்படுமுன் ஜே.பி.ஜே.யில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்வது நல்லது. நெடுஞ்சாலைக்கு ஆண்டு முத்திரை உண்டு. விலை 40 பிராங்க். அங்கே எடுக்கும் வாடகைக் காரில் அது ஏற்கெனவே இருக்கும்.

நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய சாலைச் சட்டத்தை. மலைச் சாலையில் பிரேக்குக்கு அளவு மீறிய வேலை கொடுக்காதபடி ஓட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து, கடப்பது கடினமானால், இறங்கும் வண்டிதான் முதலில் நிற்க வேண்டும். கடக்கவே முடியாதென்றால், ஏறும் வண்டி ஒதுங்கும் இடத்துக்கு அருகில் இருந்தாலன்றி, இறங்குவதே பின்னால் போய் வழிவிட வேண்டும். நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்த மலைச் சாலைகளில் அஞ்சல் பேருந்து எதிரே வந்தால், அதன் ஓட்டுநர் காட்டும் சைகைப்படி மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். மலையைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவர்களே இத்தனை விதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், நெல் வயலைப் பார்த்து வளர்ந்த நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஒரே நாளில் திரும்பலாமா?

தங்கும் செலவை மிச்சம் பிடிக்க, விடியுமுன் புறப்பட்டு இரவோடிரவாகத் திரும்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. இது வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அதிகாலை எழுந்து ஓட்டியவர், நாள் முழுதும் சுற்றிவிட்டு, இருட்டிலும் மூடுபனியிலும் மலை இறங்குவது எவ்வளவு ஆபத்து! மலையில் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் மழை பிடிக்கும். ஆண்டு இறுதி மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு.

ஒரு வேளை வெளிச்சாப்பாட்டைக் குறைத்துக் கட்டுச்சோறு கொண்டுபோனால், அந்தப் பணம் தங்கும் செலவில் ஒரு பங்குக்காவது ஆகும். அப்படியும் கட்டுப்படியாகாவிட்டால் பயணத்தை அடுத்த விடுமுறைக்குத் தள்ளி வையுங்கள். மலை எங்கும் போய்விடாது. முதல் நாள் காலை ஏறி, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பின் வெளிச்சத்தில் இறங்குவதே உத்தமம். இரவு ஷிப்டு முடித்து நேராக வந்து வண்டி எடுப்பவரை ஓட்டவிடாதீர்கள்.

எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வது பாசமாகத் தோன்றலாம்; திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்துவைக்க முடியாது. நம் நாட்டில் 2009 முதல் பின்னிருக்கையிலும் இருக்கை வார் கட்டாயம். 2020 முதல் சிறு குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். பிள்ளைகளுக்கு வளைவில் குமட்டல் வருமானால், புறப்படுமுன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். கைப்பேசியைப் பிடுங்கி வைத்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி அருகே நிறுத்தினால் பிள்ளைகளுக்கும் ஓய்வு, வண்டிக்கும் ஓய்வு.

வண்டியில் எல்லோரும் ஓட்டுநரே

புறப்படுமுன், ஓட்டுபவர் முன்னிலையில் எல்லோரையும் உட்காரவைத்து மூன்று செய்திகளைச் சொல்லிவிடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் யாராக இருந்தாலும், சிறு பிள்ளையாக இருந்தாலும், உடனே சொல்ல வேண்டும். வேகம் அச்சமூட்டினால், “அண்ணே, கொஞ்சம் மெதுவாகப் போங்க” என்று சொல்ல வேண்டும். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதலிலேயே பேசி வைத்துவிட்டால், சொல்பவருக்கும் தயக்கமில்லை, கேட்பவருக்கும் வருத்தமில்லை.

வாடகைப் பணம் கொடுத்தவர்கள் நாம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம்மை நம்பி ஏறிய பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும்போது, அது கடமையும்கூட. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்த காசில் போகும் பயணம் இது. கேமரன் மலையின் குளிரை ஆற அமர அனுபவித்து, தேயிலைப் பொட்டலத்தோடும் சிரித்த முகத்தோடும் எல்லோரும் வீடு திரும்புங்கள். பயணம் இனிதாகட்டும்!